கொடும்பாவிக்கு ஒரு காக்கிச் சட்டை

"டண்டணக்கு... டணக்கு... டக்கு!"

சாவு மேளம். அதுவும் தன் வீட்டு வாசலிலேயே.

அரங்கநாதன் கட்டிலிலிருந்து அலறியடித்துக்கொண்டு எழுந்தார். ராத்திரி முழுக்கச் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்குமாக சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டிவிட்டு, விடிந்த பிறகு வந்து படுத்தவர். கண்ணைக் கசக்கிக்கொண்டே முதலில் மனைவியைத் தேடினார். லீலாவதி அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். மகளைத் தேடினார். பானுப்ரியா கண்ணாடி முன்னால் நின்று பட்டுப்புடவைக் கொசுவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாகத் தன் நெஞ்சிலும் கையை வைத்துப் பார்த்தார். அடித்துக்கொண்டுதான் இருந்தது.

வீட்டில் இருப்பதே மூன்று பேர். மூன்று பேருக்கும் உயிர் இருக்கிறது. பிறகு யாருக்கு மேளம்?

லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எருக்கங்குடியில் பாதி அங்கே நின்றது. கலைமணியின் மேள செட்டு முன்னால். வார்டு மெம்பர் வெற்றிச்செல்வி தலைமையில் பெண்கள் வட்டமாக நின்று மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே பச்சை மூங்கில் பாடை. அதன்மேல் வைக்கோலால் செய்த கொடும்பாவி, பானைத் தலையும் கரிக் கண்ணும் கத்தரிக்காய் மூக்குமாக மல்லாந்து கிடந்தது.

அது போட்டிருந்த சட்டையைப் பார்த்ததும் அரங்கநாதனுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்துபோனது.

காக்கிச் சட்டை. மூன்றாவது பொத்தான் மட்டும் சிவப்பு. பங்குனி மாதம் டயர் மாற்றும்போது தெறித்த பொத்தானுக்குப் பதிலாக, பானுப்ரியாவின் பழைய சுடிதாரிலிருந்து ஒன்றைப் பிய்த்து லீலாவதி தைத்துக் கொடுத்தது. அரியலூர் மாவட்டத்தில் எத்தனை டிரைவர்கள் இருந்தாலும் சிவப்புப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டை ஒரே ஒருத்தரிடம்தான் உண்டு.

"எவன்டா எஞ் சட்டையத் திருடுனது?" என்று கத்தினார்.

மேளம் நின்றது. கூட்டத்தின் முன்னால் நின்ற பங்காளி மணிமாறன் மட்டும் மீசைக்குள் சிரித்தான். சித்தப்பா மகன், ஊருக்குள்ளேயே பெரிய மாடி வீடு கட்டியவன்.

"சட்டை எப்புடி வந்துச்சோ தெரியாதுண்ணே. காலையில கோயிலுக்குப் பின்னால போயிப் பாத்தா, பாவி ஒன் சட்டையப் போட்டுக்கிட்டு சொகுசாப் படுத்திருக்கா. சட்டை ஒன்னுதுன்னா, வழக்கம் என்னான்னு ஒனக்கே தெரியும்."

வழக்கம் அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் கண் கதவுப் பக்கம் போனது.

மழை பொய்த்தால் எருக்கங்குடியில் கொடும்பாவி இழுப்பார்கள். ஊரில் யாரோ செய்த பாவத்தால்தான் மேகம் கலைந்து போகிறது. அந்தப் பாவியை வைக்கோலில் செய்து, ஒப்பாரி வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கிப்போய் எரித்துவிட்டால் மழை வரும் என்பது கணக்கு. இதில் எருக்கங்குடிக்கென்று ஒரு சட்டம் உண்டு. பாவிக்குப் பழந்துணி கொடுத்த வீடுதான் பாவியின் வீடு. அந்த வீட்டு ஆள்தான் மூத்த பிள்ளை ஸ்தானத்தில் நின்று கொள்ளி வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் யாராவது புண்ணியவான் ஒரு கிழிந்த வேட்டியைக் கொடுத்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வார். இந்த வருஷம் ஒருத்தரும் கொடுக்கவில்லை.

கொடுக்காததற்குக் காரணம் போன வாரம் மாரியம்மன் கோயில் முன்னால் நடந்த கூட்டம்.

ஆடிப்பட்டத்தில் போட்ட சோளம் முழங்கால் உயரம் வந்து, இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. பருத்தி இன்னும் மோசம். ஆவணி பிறந்தும் வெயில் சித்திரை மாதிரி காய்ந்தது. வேப்பிலை பச்சையா வெள்ளையா என்று தெரியாதபடி சுண்ணாம்புத் தூசி. பாவி இழுப்பது என்று முடிவானதும், இந்த வருஷப் பாவி யார் என்ற பேச்சு வந்தது.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? லாரிதான்" என்று ஆரம்பித்தவன் மணிமாறன். "ராவும் பகலும் பொகைய விட்டுக்கிட்டு ஓடுது. வானம் கறுக்க வேண்டியதுக்கு எங்க வூட்டுச் செவுருதான் கறுக்குது."

"நான் ஸ்டியரிங் புடிக்கிறவன்டா. கல்ல வெட்டுறது கம்பெனி. அவனப் போயிக் கேளு" என்றார் அரங்கநாதன்.

"நான் கேட்டேன்" என்றான் கலைமணி. மேளம் இல்லாத நாளில் அவன் எலெக்ட்ரீஷியன். "ஒயரிங் வேலைக்குப் போனப்ப ஒரு சாரு சொன்னாரு, ‘நாங்க என்னா சிமெண்ட்டத் தின்னவா செய்யுறோம்? நீங்க வூடு கட்டுறீங்க, நாங்க செய்யுறோம்’ங்கிறாரு."

கூட்டம் மொத்தமாகத் திரும்பி மணிமாறனின் மாடி வீட்டைப் பார்த்தது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஏசி.

"என்னைய ஏன் பாக்குறீங்க? ஒலகத்துப் பொகையெல்லாம் அமெரிக்காக்காரன் விட்டதாம். டிவியில அன்னிக்கு நாலு பேரு ஒக்காந்து சண்ட போட்டாங்கல்ல?"

"சரி, அமெரிக்காக்காரன்தான் பாவின்னு வச்சுக்குவோம்" என்றாள் வெற்றிச்செல்வி. "அவனுக்குக் கொள்ளி வைக்கிறது யாரு? அங்கேருந்து ஆளு வருமா, இல்ல பஞ்சாயத்துச் செலவுல நாம பிளைட் ஏறணுமா?"

சிரிப்பு அடங்கியதும் அவளே மேலும் சொன்னாள்: "இன்னொன்னும் சொல்லிப்புடுறேன். போன தடவ பாவிக்குச் சேல கட்டுனீங்க. லாரி ஓட்டுறது ஆம்பள, போரு போடுறது ஆம்பள, மரத்த வெட்டுறது ஆம்பள. பாவி மட்டும் பொம்பளயா? இந்தத் தடவ சேல கெடையாது. அது போவட்டும், ஏரிக்கு வர்ற வாய்க்கால வெட்டுவமா மாட்டமா? சித்திரையில பேஞ்ச ஒரு மழையும் ஏரிப் பக்கம் எட்டிப் பாக்காம ரோட்டுல ஓடுச்சே."

"வாய்க்கால மண்ணப் போட்டுத் தூத்தவன் வெட்டட்டும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தூத்தவன் யாரு?"

ஆளுக்கு ஒரு பக்கம் விரல் நீண்டது. வாய்க்காலின் குறுக்கே மண்ணைக் கொட்டி டிப்பர்காரர்கள் போட்ட குறுக்குப் பாதை ஒன்று இருந்தது. ஊரறிந்த விஷயம். அந்தப் பாதையில் மணிமாறனின் டிராக்டரும் போகும், பால் வண்டியும் போகும். அதற்குக் கீழே புது வீடு கட்ட இடித்த பழைய வீடுகளின் இடிபாடு. அதற்கும் கீழே சோளத்தட்டை, கோழிக் கழிவு, டீக்கடைக் காகிதக் கப்பு.

"ஒலகமே எரியிறப்ப நம்ம ஒத்த வாய்க்கால வெட்டி என்னாத்த மாறப்போவுது?" என்றான் மணிமாறன்.

இந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் பிடித்துப்போனது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். துணி தர ஆளில்லாமல் கொடும்பாவி கோயிலுக்குப் பின்னால் அம்மணமாகவே கிடந்தாள். "லாரிதான்" என்ற பேச்சு மட்டும் கலையவில்லை. அன்றிலிருந்து அரங்கநாதன் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

இப்போது பாவியே வீடு தேடி வந்துவிட்டாள். அதுவும் இன்றைக்கு.

இன்றைக்கு பானுப்ரியாவுக்குப் பூ வைக்க மீன்சுருட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஜெயங்கொண்டம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். அதே தெருவில் மோட்டார் கடை வைத்திருக்கும் பையன். இரண்டு பேரும் பார்த்துப் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். வியாழக்கிழமை, வளர்பிறை, நல்ல நேரம் பத்தரைக்கு மேல். வந்து இறங்கும்போது வாசலில் பாடை. பாடைமேல் பெண்ணின் அப்பா சட்டை!

அரங்கநாதன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"லீலா! யாரு கேட்டாலும் நான் வூட்டுல இல்லன்னு சொல்லு."

"அம்புட்டு சத்தம் போட்டுட்டு வந்தீங்க, இல்லன்னா எவன் நம்புவான்?" லீலாவதி எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கன்னத்தில் கிராம்பை அடக்கியிருந்தாள். இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல் வலி. "சாவு மேளம் வந்து நிக்கிறப்ப கதவச் சாத்துனா, அது வேற ஒரு பேச்சாயிரும்."

"இப்பவே பேச்சுதான்! ஊரு பாவம் பூரா எந் தலையில. நானா வானத்த ஓட்ட போட்டேன்? நானா கடல சூடாக்குனேன்? கம்பெனி சொல்ற கல்ல ஏத்துறேன், எறக்குறேன். என்னைய மட்டும் ஏன் புடிக்கிறானுவ?"

"ஒங்களப் புடிச்சா கைக்கு எட்டுது. அமெரிக்காவப் புடிச்சா எட்டலயே."

பானுப்ரியா கொசுவத்தைக் கையில் பிடித்தபடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, அவங்க உடையார்பாளையம் தாண்டிட்டாங்களாம். போன் வந்துச்சு."

"அதுக்குள்ளயா? அடியே லீலா, எதாச்சும் பண்ணேன்!"

"வடை பண்ணிக்கிட்டுத்தான இருக்கேன்."

அப்போதுதான் அரங்கநாதன் அடுப்படியைச் சரியாகப் பார்த்தார். குண்டான் நிறையக் கேசரி. அன்னக்கூடையில் எலுமிச்சம்பழச் சோறு, இன்னொன்றில் புளிச்சோறு. வடை மாவு இன்னும் அரைக் குண்டான் மிச்சம்.

"வர்றது எட்டுப் பேரு. எதுக்குடி இம்புட்டு?"

"வர்றவங்க வருவாங்க" என்றாள் லீலாவதி. "சும்மா நிக்காம முகத்தக் கழுவுங்க."

வெளியே வெற்றிச்செல்வியின் குரல் எழும்பியது.

"கூடி வந்த மேகமெல்லாம் கொல்லையில நின்னுச்சே!
பாவி முழியப் பாத்துப்புட்டுப் பாதியில போயிருச்சே!"

"போயிருச்சே!" என்று பெண்கள் வாங்கிப் பாடினார்கள். துக்கத்தைவிட அதில் சிரிப்பே அதிகமாகக் கேட்டது.

அந்த ஒப்பாரி முடிவதற்குள் வேன் வந்து நின்றது.

சம்பந்தி இராமலிங்கம் முதலில் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தட்டு. பாடையைப் பார்த்ததும் தட்டை அப்படியே பின்னால் நின்ற மனைவியிடம் தள்ளினார். சம்பந்தியம்மா அதைச் சட்டென்று முந்தானையால் மூடினார். இராமலிங்கத்துக்கு இளகிய மனசு. யார் என்ன என்று கேட்காமலே தோள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "சம்பந்தீ...!" என்று குரல் உடைய ஓடிவந்தார்.

அரங்கநாதன் கதவைத் திறந்து வெளியே வர வேண்டியதாயிற்று.

உயிரோடு நின்ற சம்பந்தியைப் பார்த்ததும் இராமலிங்கத்தின் அழுகை பாதியில் நின்றது. "நீங்க இருக்கீங்களா? அப்ப... சம்பந்தியம்மாவா?"

"நான் வடை சுட்டுக்கிட்டு இருக்கேன்ணே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தெருவே சிரித்தது. வெற்றிச்செல்வி முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னாள். இராமலிங்கம் நெஞ்சைத் தடவி மூச்சு விட்டார். பாடை அருகே போய்க் குனிந்து கொடும்பாவியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கூட்டத்தின் கண்ணெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"பாவி... நம்ம வூட்டு ஆளுங்களா சம்பந்தி?"

மேளக்காரர்கள்கூட கோலைத் தாழ்த்திவிட்டார்கள்.

அரங்கநாதனின் வாயில் பதில் தயாராக இருந்தது. யாரோ திருடிட்டானுங்க சம்பந்தி, நான் வெறும் டிரைவரு, கம்பெனிதான், வூடு கட்டுறவன்தான், வெளிநாட்டுக்காரன்தான். ஒரு வாரமாக மனசுக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி, ராத்திரி டூட்டி பார்த்ததைவிட அதிகமாகக் களைத்துப்போயிருந்தார். எல்லாமே உண்மைதான். ஆனாலும் அத்தனை உண்மையும் சேர்ந்து அவரைக் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் விட்டது.

நிலைப்படியில் மகள் நின்றிருந்தாள். சட்டையில் அவளுடைய சிவப்புப் பொத்தான் வெயிலில் மின்னியது.

"ஆமாங்க சம்பந்தி" என்றார் அரங்கநாதன். "எஞ் சட்டைதான். செத்தது எங்க வூட்டுப் பாவிதான்."

மணிமாறனின் மீசைக்குள் இருந்த சிரிப்பு காணாமல் போனது. சண்டை வரும் என்று எதிர்பார்த்து வந்தவன் அவன்.

சொன்ன பிறகு அரங்கநாதனுக்கு உடம்பு லேசானது. பாரம் இறக்கிய டிப்பர் மேடு ஏறுகிற மாதிரி இருந்தது. அந்த வேகத்தில் ஒரு குறும்பும் சேர்ந்துகொண்டது. என்னையா பாவி வீட்டுக்காரன் ஆக்கினீர்கள்? இருங்கள், வருகிறேன்.

"அப்ப ஒண்ணு கேக்குறேன்" என்று குரலை உயர்த்தினார். "சட்டை என்னுதுன்னா பாடை என்னுது. பாடை என்னுதுன்னா சாவு வூட்டுக்காரன் நான். சாவு வூட்டுக்காரன் பேச்ச இந்த ஊர்ல எவனாச்சும் மீறியிருக்கானா?"

"இல்லீங்கண்ணே. மீற முடியாது" என்றாள் வெற்றிச்செல்வி, காத்திருந்தவள் மாதிரி.

"சாவு விழுந்தா வூட்டுக்கு ஒரு ஆளு, ஒரு மண்வெட்டி வந்தாவணும். உண்டா இல்லையா?"

"உண்டு!"

"அப்ப எல்லாரும் போயி மண்வெட்டி, கடப்பாரை, பாண்டுச் சட்டி எடுத்தாங்க. பாவிய எரிக்கப் போறதில்ல. பொதைக்கப் போறோம்."

மணிமாறன் குறுக்கே வந்தான். "அதெப்புடிண்ணே? எரிக்கிறதுதான வழக்கம்?"

"பொகையாலதான் மழை போச்சுன்னு சொன்னது நீ. அதுக்கு இன்னொரு பொகையா?"

கலைமணி இதற்கு ஓர் அடி அடித்தான். டக்கு!

"குழி எங்க வெட்டுறதுங்க?" என்றாள் வெற்றிச்செல்வி.

"வரத்து வாய்க்கால்ல. லாரிப் பாதையில ஆரம்பிச்சு ஏரி வரைக்கும்."

"அம்புட்டு நீளக் குழியா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"இவ என்னா சின்னப் பாவியா? ஒலகத்தையே சுட்டவ! காலு நீளம்."

மணிமாறன் அவர் கையைப் பிடித்துத் தனியே இழுத்தான். "அண்ணே, வெளயாடாத. லாரிப் பாதைய வெட்டிப்புட்டா ஒன் லாரி எப்புடிப் போவும்?"

"மெயின் ரோட்டுல சுத்திப் போவும்."

"ஒன்னோட வேல பாக்குற டிரைவருங்க சும்மா வுடுவானுவளா?"

"திட்டுவானுவ. பழகிக்குவேன். ஒரு வாரமா நீங்க திட்டுனதுல நல்ல பழக்கம்."

"என் டிராக்டரு?"

"அதுவும் சுத்தித்தான் வரும். தனியா சுத்துனா எனக்கு போரடிக்குமுல்ல?" அரங்கநாதன் அவன் தோளில் கை போட்டு ஊருக்குக் கேட்கும்படி சொன்னார்: "பங்காளிதான் குழிக்கு மொத வெட்டு! எந் தம்பி கடப்பாரை எடுத்தாரப் போறான், வழி வுடுங்க!"

"அண்ணே, மூத்த புள்ள மொட்ட அடிக்கணும், ஞாபகம் இருக்கா?" மணிமாறன் கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

அரங்கநாதன் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். "சாமி எனக்கு அத அட்வான்ஸா பண்ணி வுட்ருச்சுடா."

தெரு மறுபடியும் சிரித்தது. இந்த முறை மணிமாறனுக்கும் அடக்க முடியவில்லை.

பாடை கிளம்பியது. கொள்ளிச்சட்டிக்குப் பதிலாக அரங்கநாதன் கையில் மண்வெட்டி. பின்னால் மேளம், ஒப்பாரி. நல்ல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இராமலிங்கமும் வந்தார்.

"நீங்க உள்ள ஒக்காருங்க சம்பந்தி, வந்த எடத்துல..."

"சும்மா இருங்க. எங்க ஊரு ஏரியில பசங்க கிரிக்கெட் வெளயாடுறானுவ. போயி அங்க ஒரு பாடை கட்ட வேணாமா? பாத்துப் படிச்சுக்கிறேன்."

லாரிப் பாதை லேசில் அசையவில்லை. டயர் ஏறி ஏறிக் கப்பி மாதிரி இறுகிக் கிடந்தது. மணிமாறன் போட்ட முதல் கடப்பாரை ‘ணங்’ என்று எகிறி வந்தது. "வேல செஞ்சு பழகாத கைடா அது. இப்புடி சாச்சுப் போடு" என்று அரங்கநாதன் காட்டினார். மேல் ஓடு பெயர்ந்ததும் உள்ளே மண் இளகியது. ஆண்கள் வெட்ட, பெண்கள் வரிசையில் நின்று பாண்டு மாற்ற, இரண்டு பக்கமும் கரை உயர்ந்தது.

கொஞ்சம் போனதும் பாதைக்கு அடியில் கிடந்ததெல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. அதன் பிறகுதான் உண்மையான திருவிழா.

"மணிமாறா, இந்தா, ஒன் பழைய பாத்ரூமு வந்துருச்சு. நீலக் கல்லு, பாரு!"

"அத விடு. இந்தக் கோழி ரெக்கை யாரோடதுன்னு கேளு."

"யக்கா வெற்றிச்செல்வி! நூறு நாள் வேல போர்டு ஒண்ணு கெடக்கு. ‘வாய்க்கால் தூர்வாரும் பணி’ன்னு போட்டுருக்கு. போர்ட போட்டே வாய்க்கால தூத்திருக்கீங்க!"

"அந்த வருஷம் நான் மெம்பரே இல்ல, தம்பி!" என்று கத்தினாள் வெற்றிச்செல்வி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். "பாத்தியா, எனக்கும் அதே வாயி வந்துருச்சு. குடு இங்க, நானே தூக்குறேன்."

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு சாமான் வரும்போதும் "யாரோடது?" என்று கேட்க, யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "எங்க வூட்டுப் பாவி!" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்க் கரையில் நின்ற பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் போட, அதற்கு கலைமணி ஓர் அடி அடித்தான். கையைத் தூக்கியவர்களுக்குக் கைதட்டல். யாரும் தூக்காத சாமான் வந்தால் மட்டும், "இது அமெரிக்காக்காரனோடது!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

இராமலிங்கத்தின் மண்வெட்டியில் கல்லாகிப்போன சங்கு ஒன்று மாட்டியது. அதைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கெல்லாம் ஒரு காலத்துல கடலு சம்பந்தி" என்றார் அரங்கநாதன். "எங்க சுரங்கத்துல கூடை கூடையா கெடக்கும்."

"கடலு கெடந்த ஊரா! இன்னிக்கு ஒரு ஏரிக்கு வழியில்ல பாருங்க" என்று சங்கை மடியில் கட்டிக்கொண்டார். "பேரப்புள்ளைக்கு ஆவும்."

"பூவே இன்னும் வைக்கல. அதுக்குள்ள பேரனா?"

அப்போதுதான் இருவருக்கும் பூ ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தால், மணிமாறனின் டிராக்டர் டிரெய்லரில் குண்டானும் அன்னக்கூடைகளுமாக லீலாவதி வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கூடவே சம்பந்தியம்மா, முந்தானை மூடிய தட்டோடு. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானுப்ரியா எப்போதோ பாண்டு வரிசையில் சேர்ந்திருந்தாள். புடவை ஓரமெல்லாம் சுண்ணாம்பு மண்.

"நல்ல நேரம் முடியப் போவுது. இங்கயே வச்சுருவோம்" என்றார் சம்பந்தியம்மா.

"சாவு எடுத்துக்கிட்டு வந்த எடத்துலயா?" என்று ஒரு கிழவர் இழுத்தார்.

"செத்தது பாவிதானே? அதவிட நல்ல சகுனம் வேற எங்க கெடைக்கும்?" சம்பந்தியம்மா தட்டைத் திறந்தார். மல்லிகைச் சரம் வாடாமல் இருந்தது. கரையிலிருந்த வேப்பமர நிழலில் பெண்ணை நிறுத்தி, பூவை வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டார். பானுப்ரியா மண் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிந்தாள். லீலாவதி ஊருக்கே இலையில் கேசரி வைத்துக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்தில் சங்கு ஊதி, வேட்டு வெடித்தது. தரை அதிர்ந்தது. எருக்கங்குடிக்காரர்கள் பழக்கத்தில் அவரவர் கேசரி இலையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மீன்சுருட்டிக்காரர்கள் திடுக்கிட்டார்கள்.

"பயப்படாதீங்க, எங்க கம்பெனி போடுற அதிர்வேட்டு" என்றார் அரங்கநாதன். "எல்லா விசேஷத்துக்கும் ப்ரீயா போடுவாங்க."

வெயில் சாய்கிற நேரத்தில் வாய்க்கால் ஏரியைத் தொட்டது. கரை ஓரமாக ஒரு குழி எடுத்து, கொடும்பாவியைக் கிடத்தினார்கள். பெண்கள் கடைசி ஒப்பாரியைப் பாடினார்கள்; ஒருத்திக்கும் அழுகை வரவில்லை. அரங்கநாதன் பால் தெளித்தார். சிவப்புப் பொத்தானை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். நல்ல சட்டை. இன்னும் இரண்டு வருஷம் உழைத்திருக்கும். முதல் பிடி மண்ணை அவர் போட, அடுத்ததை மணிமாறன் போட்டான். பிறகு ஊரே போட்டது. அந்த இடம் கரையில் ஒரு மேடாகி நின்றது.

மறுநாளிலிருந்து டிப்பர்கள் மெயின் ரோட்டில் சுற்றிப் போயின. டிரைவர்கள் அரங்கநாதனைத் திட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே தெரு வழியாக வீட்டுக்கு வந்தார். மணிமாறன் டிராக்டரில் சுற்றிக்கொண்டு போகும்போது எதிரில் வந்தால் ஹாரன் அடித்து, "பாவி!" என்று கூப்பிடுவான். இவரும் பதிலுக்கு, "போடா பாவி!" என்பார்.

அடுத்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் மழை வந்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. சோளத்துக்கு உயிர் வந்தது. வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர், வழி தெரிந்துகொண்டு ஏரியைப் பார்த்து ஓடியது. அதைப் பார்க்க ஊரே கரையில் கூடிவிட்டது.

பாவத்துக்கு ஆள் கிடைக்காத அதே ஊரில், இப்போது மழைக்கு ஆள் அதிகமாகிவிட்டார்கள்.

"மொத வெட்டு நான் போட்டேன்ல, அந்தக் கை ராசி" என்றான் மணிமாறன்.

"என் மேளத்துக்கு வந்த மழைங்க இது" என்றான் கலைமணி.

"எங்க ஒப்பாரிக்கு வானமே அழுவுது, தெரியல?" என்றாள் வெற்றிச்செல்வி.

"சண்ட போடாதீங்க. அமெரிக்காக்காரன் அனுப்புனான்னு வச்சுக்குங்க" என்றார் அரங்கநாதன்.

கூட்டம் கலைந்த பிறகும் அவரும் லீலாவதியும் கரையில் நின்றார்கள். ஒரு குடைக்குள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு தோள் நனைந்தது. தண்ணீர் பாவியின் மேட்டை லேசாக உரசிக்கொண்டு ஓடியது.

"எல்லாம் சரி லீலா. அந்தச் சட்டைய மட்டும் மறக்க முடியல. கொடியிலேருந்து உருவுன ஆளு யாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டேங்கிறான்."

"கண்டுபுடிச்சு என்னா பண்ணப் போறீங்க?"

"மொதல்ல நல்லா நாலு திட்டுத் திட்டணும். அப்பறம் கடைக்கு அழச்சிட்டுப் போயி ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்."

லீலாவதி இடது கன்னத்துக் கிராம்பை வலது பக்கத்துக்கு மாற்றினாள்.

"திட்ட அப்பறமா வச்சுக்கலாம். டீயில சக்கர மட்டும் போட வேணாம்னு சொல்லுங்க, பல்லு வலிக்குது."